விட்டுப் படித்த இரண்டு வரிகள்

வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொன்ன பிள்ளைகள் நம் வயதில் நிறையப் பேர் இருக்கிறோம். மின்சார பில், பள்ளிக்கூட நோட்டீஸ், மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் எல்லாம் நம் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தன. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும், தடை இல்லை.

போன மாதம் நூலகத்தில் ஒரு கூட்டம். சாங்கி விமான நிலையத்தில் சரக்குக் கிடங்கு வேலை முடிந்து வரும் வழியில், ஏர்கான் இருக்குமே என்று உள்ளே போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் இளம் பெண், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய இங்கிலீஷ் நாவல்களில் வரும் பைத்தியக்காரப் பெண்களைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார். மனைவி, தாய் என்று வீடு வகுத்த வேலைகளுக்கு அடங்காதவளைப் பைத்தியம் என்றார்கள், ஆகையால் அந்தப் பைத்தியம் ஒரு குறியீடு, ஓர் எதிர்ப்பு என்றார். நான் கை தூக்கினேன்.

"குறியீட்டுக்கு மாத்திரை எழுதித் தர மாட்டாங்கம்மா," என்றேன்.

முன்னால் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க என்ன சொல்ல வர்றீங்க?" என்று அந்தப் பெண் மரியாதையாகவே கேட்டார். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நான் செகண்டரி டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். ஜோகூரில் தொழிற்சாலை, பத்தாம் தீவில் ஹோட்டல் சமையல்கட்டு, பயணிகள் கப்பலில் துணி வெளுக்கும் அறை, இப்போது சாங்கி. எந்த இடத்திலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. குறியீடு எனக்குத் தெரியாது. சின்னம்மாவைத் தெரியும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஜாலான் புசார் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பா கப்பலில் வேலை பார்த்தார். அந்தப் பருவம் முழுக்க வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் மாமாவுக்கு எதிரே வாயைத் திறந்திருக்க மாட்டார். மாமா, அம்மாவின் அண்ணன், தஞ்சோங் பகார் கிடங்கில் ஆட்களை மேய்ப்பவர். வேலை விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்து, இந்த வீட்டில் எது நடக்கலாம், எது நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். கெட்டவர் இல்லை. பெற்றோர் போன பிறகு தங்கைகள் இருவரையும் தோளில் தூக்கி வளர்த்தவர். அதனாலேயே அவருக்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

சின்னம்மா இளைய தங்கை. இருபத்து நான்கு வயது. கல்யாணமான இரண்டாம் வருடம் பிள்ளை இறந்தே பிறந்தது. அதற்குப் பிறகு அவள் குளிக்கவில்லை, பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனநோய்க்கான பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் இருந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி நாம் பள்ளிக்கூடத்தில் ஒருவரையொருவர் திட்டியிருக்கிறோம். நானும்தான். அங்கிருந்து வெளியே வந்தவள் புருஷன் வீட்டுக்குப் போகாமல், ஒரு நீலப் பெட்டியோடு எங்கள் படியேறிவிட்டாள்.

ஆகவே அவளுக்கு வியாதியே இல்லை, எல்லாம் வீட்டார் கட்டிய கதை என்று நான் சொல்லப்போவதில்லை. வியாதி இருந்தது. மாத்திரை வேலை செய்தது. பிற்காலத்தில் இன்னும் இரண்டு முறை அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள், இரண்டு முறையும் திரும்பி வந்தாள். நடுவில் இருந்த வருடங்களில் அவள் வியாதிக்காரி இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் எங்கள் வீட்டில் ஒருவர் மண்டையிலும் ஏற்ற முடியவில்லை. சிரித்தால் வியாதி, அழுதால் வியாதி, சும்மா இருந்தால் எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி.

மாத்திரையால் அவளுக்குக் கை நடுங்கும், வாய் உலர்ந்துபோகும். உப்பில் உலர்த்திய பிளம் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேதான் பேசுவாள். "ஏதாவது படி, மனசுக்குப் பிடிமானமா இருக்கும்," என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டு பள்ளி இறுதியில் எழுதும் ஓ லெவல் பரீட்சைக்குத் தனியாகப் பதிந்துகொண்டாள். தேறினால் ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போடலாம், சம்பளம் வரும், புருஷன் வீட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

பிராஸ் பசா ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த நாவல் அவளுக்குப் பாடம். கீழ்க்கடையின் சீன நாள்காட்டித் தாளைக் கிழித்து அட்டை போட்டிருந்தாள். புத்தகத்தின் மேல் பெரிய சிவப்பு எட்டு ஒன்று தெரியும். மத்தியானம் கீழே இரும்புக் குழாய் அறுப்பார்கள். பல் கூசும் சத்தம், கூடவே கருகின எண்ணெய் வாசனை. அதற்கு மேல் கேட்கும்படி அவள் அறைக்குள் நடந்துகொண்டே உரக்கப் படிப்பாள். புருஷன் பேசும் இடத்தில் கட்டைக்குரல், மனைவி பேசும் இடத்தில் சொந்தக் குரல். அம்மா அடுப்பருகில் கையை நிறுத்திக் கேட்பாள். "படிக்கிறாளா, தனியாப் பேசுறாளா, போய்ப் பாரு," என்று என்னை அனுப்புவாள்.

நான் போனால் கதை சொல்வாள். குளிர் நாட்டில் ஒரு பணக்கார வீடு. அந்த வீட்டு மனைவிக்கு, தன் அப்பா விட்டுப்போன தோல் ஆலையைத் தானே நடத்த ஆசை. புருஷன் சிரிக்கிறான். அவள் ஒரு தட்டை உடைக்கிறாள். உடனே டாக்டர் வருகிறார். மாடி அறையில் படுக்க வை, திரையை இழுத்து மூடு, புத்தகம் கொடுக்காதே, பால் கொடு என்கிறார். அவள் அந்தப் பாலை நாய்க்கு ஊற்றுகிறாள்.

"அந்தக் காலத்து நாவல்ல பொம்பளை கோவப்பட்டா அடுத்த பக்கத்துல ஜுரம் வந்துடும்டி," என்றாள் சின்னம்மா.

"ஆம்பளை கோவப்பட்டா?"

"குதிரையில ஏறி வெளியே போயிடுவான். காத்து வாங்கிட்டு வந்து சாப்பிடுவான்."

"ஜுரம் வந்த பொம்பளை?"

"முடியை வெட்டிடுவாங்க. அப்புறம் ரெண்டுல ஒண்ணு. சாந்தமாயிடுவா, இல்லாட்டி செத்துடுவா. மூணாவதா ஒண்ணு எழுத யாருக்கும் தோணல லா."

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கடிதம் வந்தால் நான் மேலேயிருந்து தொடங்குவேன்: முகவரி, எண், தேதி, பொருள். மாமா கையை ஆட்டுவார். "அதெல்லாம் யாரு கேட்டா? மேலே உள்ளதை விட்டுட்டு விஷயத்துக்கு வா." உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நாளடைவில் மேலே உள்ளதை என் கண்ணே தாண்டிவிடும். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன், ஊகித்துச் சொல்லிவிடுவேன். அந்த ஒரு நேரத்தில்தான் பெரியவர்கள் பேச்சை நிறுத்தி என் வாயைப் பார்த்தார்கள். அந்த ருசி உங்களுக்கும் தெரியும்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. புருஷன் வீட்டார் மாமாவிடம் ஆள் விட்டிருந்தார்கள்: பெண்ணை அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேறு பெண் பார்க்கிறோம். பரீட்சை முடியட்டும் என்று சின்னம்மா சொல்லிவிட்டு, கோடு போட்ட தாள் வாங்கக் குடையோடு கடைக்குப் போனாள். மாமா அவள் மேசையருகே உட்கார்ந்து, பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த அவளது பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினார். இங்கிலீஷில் நான்கு பக்கம், அடித்துத் திருத்தி எழுதியிருந்தது.

"வா புள்ள. இதைப் படி," என்றார்.

பக்கத்தின் உச்சியில் இரண்டு வரிகள் அடிக்கோடிட்டிருந்தன. என் கண் பழக்கப்படி தாண்டியது. விஷயத்துக்கு வந்தேன்.

"நீங்க என்னை இந்த அறையில வச்சுப் பூட்டி பத்து நாளாச்சு," என்று தமிழில் சொல்லத் தொடங்கினேன். "எனக்கு வியாதி இல்லை. இந்த வீடுதான் வியாதி. நீங்க மேல வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு எதையாவது உடைக்கணும் போல இருக்கு."

மாமா என் தோளில் கை வைத்தார். "மேல படி."

"நீங்க குடுத்தனுப்புற பாலை நான் குடிக்கிறதில்லை. நாய்க்கு ஊத்திடுறேன். நாய் கொழுத்துப் போச்சு."

அம்மா வாசலில் நின்றிருந்தாள். "நம்ம வீட்ல நாய் ஏது?"

"அதைத்தானே சொல்றேன்," என்றார் மாமா. "இல்லாத நாய் அவ கண்ணுக்குத் தெரியுது."

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பால், நாய், மாடி அறை, எல்லாம் அவள் எனக்குச் சொன்ன கதை. கண்ணை மேலே தூக்கி அந்த இரண்டு வரிகளைப் பார்த்தேன். "நீ இந்தக் கதையின் மனைவி என்று வைத்துக்கொள். பூட்டிய அறையிலிருந்து உன் கணவனுக்கு ஒரு கடிதம் எழுது" என்று பரீட்சைக் கேள்வி. சொல்லியிருக்கலாம். ஆனால் மாமாவின் கை தோளில் இருந்தது, அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி, தப்பாகப் படித்துவிட்டேன் என்றால் அடுத்த கடிதத்தை யார் என்னிடம் தருவார்கள்? நான்கு பக்கத்தையும் படித்து முடித்தேன். பதினொரு வயது என்று சொல்லி நீங்கள் என்னை விட்டுவிட வேண்டாம். தெரிந்துதான் படித்தேன்.

சின்னம்மா நனைந்து வந்து சேர்ந்ததும் மாமா பயிற்சிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன இது?"

"பரீட்சைக்கு எழுதிப் பாத்தேன், அண்ணே."

"பரீட்சையில புருஷனைத் திட்டி எழுதச் சொல்வாங்களா?"

சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று. மாமா அம்மாவைப் பார்த்தார்; அம்மா தரையைப் பார்த்தாள். சின்னம்மா சிரிப்பை விழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மேலே ரெண்டு வரி இருந்துச்சே, படிச்சியா?"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

மாமா கீழே இறங்கிப் போய், அந்தக் கடையிலேயே புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தார். பித்தளை. கடைச் சீனர் வாசல் கதவுக்கென்று நினைத்து இரண்டு திருகாணி கூடுதலாகக் கொடுத்திருந்தார். மாமா அதைச் சின்னம்மாவின் அறைக் கதவுக்கு வெளிப்புறம் முடுக்கினார். அவளுக்கு நல்லதுக்குத்தான் என்றார். வியாழக்கிழமை காலை இலக்கியத் தாள். நடுவில் மூன்று நாள்.

செவ்வாய்க்கிழமை மாமா அவளை அருகில் இருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனார். சாட்சிக்குப் பயிற்சிப் புத்தகமும், படித்துச் சொல்ல நானும். டாக்டர் தமிழர், கண்ணாடி போட்டவர். என்னைப் படிக்க விடாமல் தானே வாங்கிப் பார்த்தார்.

"இது பரீட்சைக் கட்டுரைங்க," என்றார் மாமாவிடம். "மேலே கேள்வியே இருக்கே."

மாமாவின் முகம் வெளுத்தது. சின்னம்மா நாற்காலியில் நிமிர்ந்தாள். எனக்கு உயிர் வந்தது. முடிந்தது, இனித் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"இருந்தாலும்," என்றார் டாக்டர். இப்போதும் மாமாவிடம்தான். "இந்த நிலைமையில இருக்கிற பொம்பளைக்கு இந்த மாதிரிக் கதையெல்லாம் ஆகாது. மூளைக்குச் சூடு. மூணு மாசத்துக்குப் புத்தகம் வேணாம், பரீட்சை வேணாம். புருஷன் வீட்ல அமைதியா இருக்கட்டும். பால் நிறையக் குடுங்க."

"டாக்டர், இந்த நாவலை நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று சின்னம்மா கேட்டாள்.

"இல்லையே."

"படிக்க வேணாம். உங்க வசனம் உங்களுக்கு மனப்பாடமாவே இருக்கு."

டாக்டர் தன் அட்டையில் ஒரு சொல் எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாக அதைப் படித்தேன். நோயாளி கொதித்துப் போயிருக்கிறார் என்று பொருள். அவள் கொதிக்கவே இல்லை, குரல்கூட உயரவில்லை. அந்த நூலகப் பெண்ணிடம் இதைத்தான் சொல்ல நினைத்தேன். உண்மை தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்பது பொய். உண்மை தெரிந்த பிறகும் அதே பாலைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

மாமா அன்றைக்கே ஏற்பாடு செய்தார். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குப் புருஷன் வீட்டார் வண்டி வரும். பரீட்சை முடிந்து வரட்டும் என்று சொல்ல வாயெடுத்த அம்மாவிடம், "டாக்டர் சொல்லிட்டாரு," என்றார்.

புதன்கிழமை அம்மா என்னைச் சமையல் மூலைக்குக் கூப்பிட்டாள். மண்ணெண்ணெய் அடுப்பின் திரியைத் தணித்தாள். அம்மா தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், நான் சொன்னதை அதுவரை ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு? மாமா சொன்னது வேணாம், நீ சொல்லு. மேலேயிருந்து சொல்லு. ஒண்ணையும் விடாதே."

மேலேயிருந்து சொன்னேன். கேள்வி, பரீட்சை, டாக்டர் முதலில் சொன்னது, பிறகு சொன்னது, சின்னம்மா கேட்டது எல்லாம். ஞாயிற்றுக்கிழமை நான் அந்த வரிகளைப் பார்த்ததையும், பார்த்த பிறகும் படித்ததையும் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன்.

அம்மா அடிக்கவில்லை. "அப்ப நாய் அந்தப் புத்தகத்து நாய்," என்றாள்.

"ஆமா."

"என் தங்கச்சி கண்ணுல ஒண்ணும் இல்லை."

"இல்லை."

அவ்வளவுதான். அரிசி களையப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மா தாழ்ப்பாளைத் திறந்தாள். சின்னம்மா புடவை கட்டித் தயாராகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்காவிட்டால் என்ன செய்திருப்பாள் என்று நான் கேட்டதில்லை. ஜன்னலின் மரச்சட்டங்கள் இரண்டு கழன்று தரையில் கிடந்தன.

"மாமாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம்னு தெரியும்," என்றாள் அம்மா. "காலி அறையைப் பாத்தா வண்டி புடிச்சு வந்து உன்னைப் பாதியில எழுப்பிடுவாரு. நான் உள்ள இருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டு இவளைக் கூட்டிட்டுப் போ," என்றாள்.

"அக்கா," என்றாள் சின்னம்மா.

"பஸ் போயிடும், போ."

நான் தாழ்ப்பாளைப் போட்டேன். அம்மா உள்ளே இருந்தாள்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததைப் பல வருடம் கழித்து அம்மாவே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மாமா எட்டு மணிக்கு வந்தார். அம்மா சந்தைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். உள்ளே நடக்கும் சத்தம் கேட்டது. ஏ, பி, சி தாண்டி இங்கிலீஷ் தெரியாத அம்மா, சின்னம்மாவைப் போலவே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, கட்டைக்குரலில் ஒன்று, சொந்தக் குரலில் ஒன்று என்று வாயில் வந்ததை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாவுக்குத் தனியாகக் கதவைத் திறக்கப் பயம். தங்கை சந்தையிலிருந்து வரட்டும் என்று படியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பதரைக்கு வண்டி வந்து ஹாரன் அடித்த பிறகுதான் திறந்தார்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவ பரீட்சைக்குப் போயிட்டா, அண்ணே. எழுத ஆரம்பிச்சு அரை மணி ஆயிருக்கும். டாக்டருக்கு யாராவது ஒரு ஆள் வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க."

நான் பள்ளிக்கூட வாசலில், மழைநீர்க் கால்வாய் ஓரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் வரிசையான மேசைகள், எல்லாரும் பதினாறு வயதுப் பிள்ளைகள், நடுவில் புடவை கட்டிய ஒருத்தி. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். மற்றவர்கள் தாளைக் கொடுத்துவிட்டு ஓடிய பிறகும் கடைசி நிமிடம் வரை எழுதினாள்.

வெளியே வந்ததும், "கடிதம் எழுதச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லடி. அந்த மனைவிக்குப் பைத்தியமா, இல்ல அவ பக்கம் நியாயமான்னு கேட்டிருந்தாங்க."

"நீங்க எதை எழுதினீங்க?"

"அவளுக்கு உடம்புக்கு முடியல, அவ சொன்னதும் நியாயம். ரெண்டையும் எழுதினேன். ஏதாவது ஒண்ணைத்தான் எழுதணுமாம். மார்க்கு குறையும்."

குறையத்தான் செய்தது. சுமாராகத் தேறினாள். ஆசிரியைப் பயிற்சிக்கு அது போதவில்லை. விமானச் சரக்கு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலைக்குப் போதுமானதாக இருந்தது. பஸ்ஸில் அவளிடம் அந்த இரண்டு வரிகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இனிமே மேலேயிருந்து படி," என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

வீட்டு வாசலில் வண்டி இல்லை. இரும்புக் கடையைத் தாண்டி, இருட்டான மாடிப்படியில் கால் வைத்தோம். படியின் நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகாத மாமாவை அந்த நேரத்தில் நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பின்னால், மேல்படியில், அம்மா நின்றிருந்தாள்.

"அவங்க வண்டி வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு," என்றார் மாமா. "என் மானம் போச்சு. நாளைக்குக் காலையில மறுபடியும் வரச் சொல்லியிருக்கேன்."

"நாளைக்கு ஜியாகிரஃபி, அண்ணே," என்றாள் சின்னம்மா. "ஒம்பது மணிக்கு."

மாமா அவளைப் பார்த்தார். தலையைத் திருப்பி மேலே அம்மாவைப் பார்த்தார். அம்மா நகரவில்லை. அவர் முழங்கால்களைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கினார். ஓர் ஆள் போகிற அளவுக்குப் படியில் இடம் உண்டானது. சின்னம்மா ஏறிப் போனாள்.